பிடியை விடாத இரண்டு விரல்கள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வண்டி விஷயத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லி, அதைக் கேட்டு யாராவது எங்காவது போய் விழுந்துவிட்டால்? அதனால் நடந்ததை நடந்தபடி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு மலைமேல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வையாபுரிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வீட்டில் இருந்தது அவருடைய பைக்தான். நாற்பத்தாறு வயதில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவள் ஜெபராணி. அடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். என் மகள் வயதுதான் இருக்கும். நான் அவளை மாஸ்டர் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

என் கை சின்னது. வளையல் கடையில் எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவைத்தான் எடுத்துத் தருவார்கள். பைக்கின் பிரேக் லிவரை என் விரல் நுனிதான் தொட்டது.

அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு. மலை இறக்கத்தில் லிவரைப் பிடிக்க விரலை நீட்டுவேன். அது மெல்ல விலகும். இன்னும் நீட்டுவேன். இன்னும் விலகும். என் விரல்கள் புடலங்காய் மாதிரி நீண்டுகொண்டே போகும். பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். 

கனவை மாஸ்டரிடம் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு ஒட்டிக் காட்டினாள். அவள் கை என்னுடையதைவிடச் சின்னது.

பழைய லிவர்களைக் கழற்றிவிட்டு வேறு ஜோடி மாட்டினாள். புதியதில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள். ஆறில் வைத்தால் லிவர் தள்ளி நிற்கும். ஒன்றில் வைத்தால் கைப்பிடிக்கு மிக அருகில் வந்துவிடும். என் மணிக்கட்டு மடங்காதபடி லிவரைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள். பிறகு அதில் கிரீஸ் தடவி, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொன்னாள். விரல் நுனியில் கறுப்பு விழுந்தது. திருகினாள். மறுபடி பிடிக்கச் சொன்னாள். நான்கு விரலிலும் நுனியை அடுத்த கணுவில் கோடு விழுந்தபோது நிறுத்தினாள். எண் மூன்று.

“இதை மாத்தாதீங்க அக்கா.”

மாற்றினேன். பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு வாரம் இரண்டில் ஓட்டினேன். மறு வாரம் ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். இப்போது இரண்டு விரலை நீட்டினாலே லிவர் எட்டியது. மற்ற இரண்டு விரலும் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தன. கூட்டத்தில் யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போவது போல இருந்தது. கனவும் நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மூடுபனி. சாலை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. வண்டி போகிறதா, மலைதான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்றுகூட எனக்குக் குழம்பியது. ஒரு வளைவில் திரும்பினேன். பனிக்குள்ளிருந்து ஒரு மாட்டின் முகம் மட்டும் வந்தது.

லிவரை அழுத்தினேன். அது பாதி வந்து நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தியும் அதற்கு மேல் வரவில்லை. விரல் வலித்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. காலால் பின்பிரேக்கை மிதித்து, ஓரத்து மண்மேட்டில் மோதி நின்றேன்.

மாடு எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

“டிரைவரம்மா மாட்டுக்கு வணக்கம் சொல்லப் போனீங்களா?” என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியிலிருந்து விரலைப் பிரிக்கவே நேரமானது.

மெதுவாக இறங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். லிவர் கெட்டுப்போய்விட்டது என்றேன். மாஸ்டர் திருகைக் குனிந்து பார்த்தாள்.

“யாரு மாத்துனது?”

“நான்தான்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“இந்தப் பயம் எப்பதான் மாஸ்டர் போகும்?” என்று கேட்டேன். “பயம் போனாத்தான் எனக்கு ஓட்ட வரும்.”

மாஸ்டர் லிவரின் உள்பக்கம் கிரீஸ் தடவினாள். ஒர்க்‌ஷாப் வாசல் சரிவானது. கீழே ஒரு மணல் குவியல் உண்டு. வண்டியைச் சரிவில் நிறுத்தி முன்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். இஞ்சினைப் போடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஏறி உட்காரச் சொன்னாள்.

“இந்த வழியில போனா ஆஸ்பத்திரி சீக்கிரம் வந்துருமா?” என்று அவர் கேட்டார். இடது கையால் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் என்னிடம், கால் பிரேக்கைத் தொட வேண்டாம், கையில் எப்போதும் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள் என்றாள். பிடித்தேன். அவள் கல்லை எடுத்தாள்.

வண்டி நகர்ந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பனிக்குள் யாரோ எங்களைத் தூக்கிக்கொண்டு போவது போல மெல்லப் போனோம். பல்லைக் கடித்து அழுத்தினேன். அழுத்த அழுத்த விரல்தான் வலித்தது. முன்சக்கரம் மணலில் புதைந்தது.

மாஸ்டர் இறங்கி வந்தாள்.

“கையைத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினேன். மோதிர விரலின் முதுகிலும் சுண்டு விரலின் முதுகிலும் கறுப்பாக ஒரு கோடு. லிவர் வந்து அந்த இரண்டின்மேல்தான் இடித்து நின்றிருந்தது.

“வண்டியை நிக்க விடாதது யாரு அக்கா?”

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

 நானே திருகை மூன்றுக்குத் திருப்பினேன். வண்டியை மேலே தள்ளிவந்து, கல் வைத்து, மறுபடி உட்கார்ந்தோம். லிவர் தள்ளி நிற்பதைப் பார்த்ததும் கனவில் வந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. கை தானாகவே கைப்பிடியை இறுக்கியது.

“பயம் போகலியே மாஸ்டர்.”

அவள் குனிந்து கல்லில் கை வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பயம் இருக்கட்டும்க்கா. அந்த ரெண்டு விரலை மட்டும் எடுங்க.”

எடுத்தேன். நான்கு விரலையும் லிவர்மேல் வைத்து அழுத்தினேன்.

அவள் கல்லை எடுத்தாள். வண்டி நின்றது நின்றபடியே இருந்தது. என் இடுப்பில் இருந்த அவருடைய கை மெல்லத் தளர்ந்தது.