கக்கூஸுக்கு வந்த நல்ல தண்ணீர்

செத்த தென்னைகளுக்கு நடுவில் ஒரு மடம். மடம் என்றால் கோபுரமும் மண்டபமும் கிடையாது. ஓட்டு வீடு ஒன்று, சமையலுக்கு ஒரு சார்ப்பு, வருகிறவர்கள் தங்க இரண்டு அறை, அவ்வளவுதான். சுற்றிலும் நின்ற மரங்களுக்குத் தலை இல்லை. ஆற்றுத் தண்ணீர் கெட்டு, பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டு, குருத்து கருகி, மட்டை உதிர்ந்து, வெறும் தூண்களாக நின்றன. வெட்டிப்போடும் கூலிக்குக்கூட விறகு தேறாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தத் தோப்புக்காரிதான் மடத்துக்குக் குரு. எல்லோரும் ஆத்தா என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். காவி கட்டவில்லை. சாயம் போன நூல் சேலை. அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டாளென்றால், கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பாயில் புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அவளிடம் வந்து சேர்ந்தவர் அர்த்தநாரி. அவளைவிட மூத்தவர், நரை கண்டவர். வந்த அன்று ஆத்தா பேர் கேட்டாள்.

"பழைய பேர் வேண்டாமுங்க ஆத்தா. நீங்களே புதுசா ஒண்ணு வெச்சு விடுங்க."

"அப்படிங்களா," என்றாள் ஆத்தா. இலையைப் போட்டுச் சாப்பிடச் சொன்னாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் மடத்தில் அவர் 'பெரியவர்'.

பேர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. ஆற்றுக்கு மேற்கே அவருக்குச் சாயப்பட்டறை ஓடியது. கழிவை மழை பெய்யும் நாளாகப் பார்த்து ஆற்றில் திறந்து விடுவார். ஆறு ஒருநாள் சிவப்பாகப் போகும், ஒருநாள் நீலமாகப் போகும். மழை இல்லாவிட்டால் வறண்டுபோன ஆழ்குழாய்க்குள் இறக்கிவிடுவார், பூமி குடித்துக்கொள்ளும். துணிக்குச் சாயம் ஏற நல்ல தண்ணீர் வேண்டுமே? அது மேட்டு ஊர்க் கிணறுகளிலிருந்து லாரியில் வரும். கோர்ட் உத்தரவு வந்து பட்டறையைப் பூட்டுவதற்குள் கீழே இருந்த கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன.

ஆற்றோர ஊர்களில் அவருடைய முகம் அநேகமாக யாருக்கும் தெரியாது. பேர் தெரியும். பேரைச் சொன்னால் ஆற்றுப் பக்கம் திரும்பித் துப்புவார்கள். ஒருமுறை டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளே, இவர்தான் அவர் என்று தெரியாமல், அப்படித் துப்பினான். அர்த்தநாரி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

மடத்தில் பேர் மாற்றிக்கொள்கிற வழக்கம் உண்டு. கொஞ்ச காலம் பார்த்துவிட்டு ஆத்தா ஒரு பேர் வைப்பாள். அதற்குப் பிறகு பழைய பேரை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. வேண்டாத சட்டையைக் கழற்றிப் போடுவது போலப் போட்டுவிட்டு நடக்கலாம். அர்த்தநாரிக்கு வேண்டியது அது ஒன்றுதான். கூட்டினார், பாத்திரம் கழுவினார், தியானத்தில் முதுகு வலிக்க உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பேர் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"எனக்கு எப்பங்க ஆத்தா?"

ஆத்தா அப்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கக்கூஸுல அந்தப் பீங்கானைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க."

"அது வெளுக்கட்டும்."

முட்டி வலிக்காரர்களுக்காக ஒரு பக்தர் கட்டிக்கொடுத்த, உட்கார்ந்து போகிற கக்கூஸ் அது. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சுற்றிலும் பழுப்பாய் ஒரு வட்டம். மேலே தண்ணீர் கசிந்து இறங்குகிற இடத்தில் மஞ்சளும் காவியுமாக ஒரு கோடு. தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். உப்புத் தண்ணீர் படிந்து படிந்து கல்லாகியிருந்தது.

ஆசிட் விஷயத்தில் அர்த்தநாரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோப்பையில் நின்ற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். பழந்துணியை ஆசிட்டில் நனைத்து வட்டத்தைச் சுற்றி ஒட்டவைத்தார். நுரைத்துப் பொங்கியது. அந்த நெடி மூக்கில் ஏறியபோது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவருக்கே கூச்சமாகிவிட்டது.

மத்தியானத்துக்குள் கறை வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. ஓடிப்போய் ஆத்தாவைக் கூட்டி வந்தார்.

ஆத்தா எட்டிப் பார்த்தாள். "வெள்ளையாத்தான் இருக்குது. நிக்குதான்னு பார்க்கலாம்."

நிற்கவில்லை. அமாவாசை வருவதற்குள் பழுப்பு வட்டம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த முறை உப்புத்தாளை வாங்கி வந்து தேய்த்தார். கோபத்தோடு தேய்த்தார். கறை போயிற்று, கூடவே பீங்கானின் வழவழப்பும் போயிற்று. வழவழப்புப் போன இடத்தில் உப்புக்கு நல்ல பிடி கிடைத்தது. முன்னைவிடச் சீக்கிரமாக, முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சமையல்காரன் காளியப்பன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"பெரியவரே, இந்தத் தேய் தேய்ச்சா பீங்கான் மிஞ்சாது. கடைசீல ஆத்தாகிட்ட ஓட்டையத்தான் காட்டப் போறீங்க."

"உன்ற வேலையைப் பாரு காளியப்பா."

"என்ற வேலை எங்கீங்க நடக்குது? இந்தத் தண்ணீல பருப்பு போட்டா, பருப்பு கல்லாட்டம் என்னையே பார்க்குது. ஒரு கட்டு விறகு போகுது, வெந்த பாடில்லை."

அர்த்தநாரி உப்புத்தாளைக் கீழே போட்டார். குற்றம் பீங்கான் பேரில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்பது அவருக்குப் பட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஏன் இப்படி ஆயிற்று என்பதைத்தான் அடுத்தபடியாக நினைத்திருக்க வேண்டும். அவர் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் ஓடிப் பழகிய தடத்திலேயே புத்தி ஓடியது.

மறுநாள் மடத்து வாசலில் தண்ணி லாரி வந்து நின்றது. பட்டறைக்கு ஓடிய அதே லாரி. கக்கூஸ் கூரைமேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி ஏறியது. கிணற்றுக் குழாயை அடைத்துவிட்டு, இந்தத் தொட்டியிலிருந்து கக்கூஸுக்கு மட்டும் குழாய் இறங்கியது. அர்த்தநாரி கடைசியாக ஒருமுறை ஆசிட் வைத்துக் கறையை எடுத்தார். அதன் பிறகு மேட்டு ஊரின் நல்ல தண்ணீர் பீங்கானைக் கழுவிக்கொண்டு போயிற்று. பழுப்பு திரும்பி வரவேயில்லை.

முதலில் வந்து நின்றவன் காளியப்பன். கையில் குண்டா.

"ஒரே ஒரு குண்டாத் தண்ணி குடுங்க பெரியவரே. பருப்புக்கு."

"தொட்டி எறங்கிப்போயிரும்."

"எறங்கினா எறங்கட்டுமே, கக்கூஸ்தானுங்களே?"

"லாரி தெனமுமா வருது? நடுவுல உப்புத் தண்ணி விட்டா மறுபடியும் கறை புடிச்சுக்கும்."

காளியப்பன் குண்டாவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டான். "நல்ல மடமுங்க. கக்கூஸ் அமிர்தம் குடிக்குது. சாமியாருங்க உப்பை நக்கறோம்."

விஷயம் ஊருக்குள் போய்விட்டது. அடுத்த நாள் பூவாத்தாள் வந்தாள். மடத்துக்குப் பின்னால் குடிசை போட்டிருக்கிறவள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் குடம்.

"ஏனுங்க, கக்கூஸுக்கு நல்ல தண்ணி வந்திருக்குதாமா?"

"ஆமா."

"ஒரு கொடம் புடிச்சுக்கறனுங்க. புள்ளைக்குப் பால்பொடி கலக்கோணும். எங்க தண்ணீல கலக்குனா திரிஞ்சு போகுது."

"அது குடிக்கற தண்ணி இல்லைம்மா."

"கக்கூஸுத் தண்ணீன்னாலும் பரவால்லீங்க."

அர்த்தநாரி பீங்கானைப் பார்த்தார். பால் போல வெளுத்திருந்தது. நாளைக்குப் பௌர்ணமி. ஆத்தா பேர் வைக்கிற நாள். இன்றைக்கு ஒரு குடம் என்று ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் தெருவே குடத்தோடு வந்து நிற்கும் என்பதும் தெரிந்தது.

"ஆத்தா யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்குதும்மா," என்றார்.

பூவாத்தாள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"உங்களைச் சொல்லலீங்க. அந்த அர்த்தநாரி நாசமாப் போகோணும். அவன் வம்சம் ஒரு வாய் தண்ணிக்கு அலையோணும்."

குழந்தை அவர் பக்கம் கை நீட்டிச் சிரித்தது. அவள் போய்விட்டாள். அர்த்தநாரி உள்ளே போய்க் குழாயை இறுக்கி மூடினார். கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து கக்கூஸ் கதவில் மாட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பௌர்ணமியன்று காலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, ஆத்தா முன்னால் போய் நின்றார்.

"பீங்கான் வெளுத்திருச்சுங்க ஆத்தா. வந்து பாருங்க."

ஆத்தா தண்ணீர் குடிக்கிற டம்ளரோடு எழுந்து வந்தாள். அவர் பூட்டைத் திறந்தார். ஆத்தா குனிந்து பார்த்தாள். வட்டம் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"கறையே இல்லீங்களே."

"இனி வராதுங்க. அதுக்கு வழி பண்ணிட்டனுங்க."

ஆத்தா பக்கத்துச் சுவரில் இருந்த குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். நிரம்பியதும் வாயருகே கொண்டுபோனாள்.

"ஆத்தா, அது கக்கூஸுக் கொழாயிங்க!"

ஆத்தா நிறுத்தாமல் முழுதும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிப்பா இருக்குது. எங்க கெணறு இப்படித்தானுங்க இருந்துச்சு. தென்னைக்குத் தண்ணி கட்டும்போது வாய்க்கால்லயே கையேந்திக் குடிப்போம்."

அர்த்தநாரி தரையைப் பார்த்தார். தரையும் வெளுத்திருந்தது. மெல்லக் கேட்டார்.

"பேருங்க ஆத்தா?"

ஆத்தா டம்ளரைக் கழுவினாள்.

"வெளுத்தா வெக்கறேன்னு சொன்னீங்களே," என்றார் அவர்.

"வெக்கறேன்னு சொல்லலீங்க. வெளுக்கட்டும்னு சொன்னேன்."

"அப்ப எதுக்குங்க வெளுக்கச் சொன்னீங்க?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

"பூவாத்தாளுக்கு ஒரு கொடம் குடுத்திருக்கோணும். தப்புத்தானுங்க. இப்பவே கூப்பிட்டுக் குடுத்தர்றேன்."

"குடுங்க. புள்ளை பால் குடிக்கும். ஆனா அதுக்காகப் பேரு வெச்சிருவேன்னு நெனைக்காதீங்க."

"மத்தவங்களுக்கெல்லாம் வெச்சீங்களே ஆத்தா. எனக்கு மட்டும் ஏனுங்க?"

"அவங்க பேரு தொலைஞ்சு போனா யாருக்கும் நட்டமில்லீங்க, அர்த்தநாரி."

அந்தப் பேரை அந்த மடத்தில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"வந்தன்னைக்கே. கோர்ட்டுல பார்த்த மொகமுங்க."

"தெரிஞ்சும் சோறு போட்டீங்களே?"

"பசியோட வந்தீங்க."

வெளியே காளியப்பன் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி அப்படியே ஈரத்தில் மண்டியிட்டார். ஆத்தாவின் காலைத் தொட நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

"அந்தப் பேரைத் தூக்கிக்கிட்டு நான் எங்கீங்க ஆத்தா போறது? எடுத்துப் போட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தோப்பு போச்சு, கெணறு போச்சு. உங்க பேரு ஒண்ணுதானுங்க எங்ககிட்ட மிச்சம் இருக்குது," என்றாள் ஆத்தா. "அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, நாங்க யாரைங்க திட்டறது?"