அழியாத ரசீது

ஒரு ஊரில் ஒரு ரசீது இருந்தது. ராஜா ராணி என்று ஆரம்பிக்காமல் இதென்ன ரசீது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் வருகிற கஷ்டமெல்லாம் இந்த ஒரு சாண் காகிதத்துக்கும் வந்தது.

திண்டுக்கல்லில் ரெஜினா என்று ஒருத்தி. ஆரி வேலை செய்த ஜாக்கெட்டுகளைத் தைத்து, போனில் படம் போட்டு விற்கிறவள். ஓசூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் தன் பட்டுத்துணியையே அனுப்பித் தைக்கச் சொல்லியிருந்தாள். இருபது நாள் இடுப்பொடியத் தைத்து, பார்சல் ஆபீசில் கொடுத்து அனுப்பினாள் ரெஜினா. அது போய்ச் சேரவில்லை. எங்கே போனது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"நாப்பது நாள் பொறுங்கம்மா. அதுக்கப்புறந்தான் தொலைஞ்சு போச்சுன்னு ஒத்துக்குவாங்க. ரசீதோட வாங்க, நஷ்ட ஈட்டுக்கு எழுதிடலாம். ரசீது இல்லேன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர்.

ரெஜினா ரசீதைத் தையல் மெஷினின் இழுப்பறையில் பத்திரமாக வைத்து மூடினாள்.

"தம்பி, அந்தப் பொண்ணோட பட்டுக்கு ரெஜினாதான் பதில் சொல்லணும்," என்றது மேலேயிருந்து மெஷின். "நீ போய்ச் சாட்சி சொன்னா நான் இந்த வீட்டுல இருப்பேன். இல்லேன்னா என்னை வித்துத்தான் குடுப்பாங்க. ரெஜினா போன்ல அழுதுகிட்டே பேசினதை நான் கேட்டேன்."

"நான் சொல்றேண்ணே. தேதி, எடை, முத்திரை எல்லாம் என்கிட்ட இருக்கு," என்றது ரசீது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அப்போதுதான் இழுப்பறையின் மூலையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு துண்டுச் சீட்டு.

"யாருண்ணே நீங்க?"

"தெரியலையேப்பா. என் மேலயும் ஏதோ எழுதியிருந்துச்சு. கரண்ட் பில்லா, பேங்க் சீட்டா, அதுகூட ஞாபகம் இல்லை. ஜன்னலோரம் கிடந்தேன். வெளிச்சம் எல்லாத்தையும் தின்னுடுச்சு."

அன்றிலிருந்து ரசீதுக்கு வெளிச்சம் என்றாலே பயம். அடடா, அந்தப் பயம் இருக்கிறதே! இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டாலே போதும், உடம்பெல்லாம் வெடவெடத்து, ஓரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். முப்பத்தெட்டாம் நாள் குனிந்து பார்த்தால் முத்திரையின் ஒரு பக்கம் மங்கியிருந்தது. "ஐயோ, போறேனே! நான் போனா மெஷின் அண்ணனும் போச்சே!" என்று அழுதது.

ரெஜினாவும் அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டாள். அடித்துப் பிடித்துக்கொண்டு சம்சுதீன் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

"பாய், சீக்கிரம் ஒரு காப்பி. இது அழிஞ்சா என் பொழப்பே போச்சு."

பாய் ரசீதைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"பயப்படாதே கண்ணு," என்றது ஜெராக்ஸ் மெஷின். "ஒரே ஒரு நிமிஷம் நேரா படு. உன்னை மாதிரியே இன்னொருத்தனைத் தந்துடறேன். அப்புறம் நீ அழிஞ்சாலும் உன் பேச்சு அழியாது."

"எதை வச்சுத் தருவே?"

"வெளிச்சத்தை வச்சுத்தான்."

அவ்வளவுதான். ரசீது கோரைப்பாய் மாதிரி சுருட்டிக்கொண்டது. காப்பியில் வெறும் கறுப்புக் கோடு விழுந்தது. பாய் நீவிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி சுருண்டது. மூன்றாம் தடவையும் அதே கதைதான்.

"என்ன பாய், அடம் பிடிக்குது?"

"ஒரே வழி லேமினேஷன்தான்க்கா. நேரா நிக்கும், அப்புறம் எத்தனை காப்பி வேணாலும் எடுக்கலாம். காலத்துக்கும் அழியாது."

எங்கள் பக்கத்தில் ஒரு காகிதம் முக்கியம் என்றால் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டே தீருவார்கள். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் யாரும் தப்பியதில்லை. ரெஜினாவும் சரியென்று தலையாட்டினாள்.

காலத்துக்கும் அழியாது! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ரசீதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரும் நீவாமலே தானாக நேராகி, உறைக்குள் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"வேணாம்டா! அந்த லேமினேஷன் மெஷினோட உருளை கொதிக்குதுடா! நீ சூட்டுல அச்சான காகிதம், மறுபடி சூடு பட்டா முழுக்கக் கறுத்துடுவே!" என்று கத்தியது ஜெராக்ஸ் மெஷின்.

"அங்கே வெளிச்சம் இருக்கா?"

"வெளிச்சம் இல்லைடா, ஆனா..."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு ரசீது உள்ளே போனது.

மறுபக்கம் வந்தபோது அது தலை முதல் கால் வரை கன்னங்கரேலென்று இருந்தது. ரெஜினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நாற்பதாம் நாள் அதையேதான் கவுண்டரில் நீட்டினாள். வேறென்ன செய்வாள்? அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். "பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா இதுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை தையல் மெஷினை விற்று லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். ரசீதைத் திரும்பப் போட்டுவைத்த இழுப்பறையைக் காலி செய்யக்கூட ரெஜினாவுக்கு மனசு வரவில்லை. மெஷின் வழிநெடுகக் கடகடவென்று ஆடிக்கொண்டே போனது.

உள்ளே இருட்டில் வெள்ளைச் சீட்டு மெதுவாகக் கேட்டது: "உன் மேல என்னப்பா எழுதியிருந்துச்சு?"

"ஞாபகம் இல்லைண்ணே," என்றது கறுப்பு ரசீது. "ஆனா இனிமே அழியவே அழியாதாம்."