எண் போட்ட பக்கம்

"எந்தப் புத்தகம் வாங்கட்டும், மேடம்?"

கேட்டது சேவுகன். பட்டாளத்திலிருந்து திரும்பி, நாற்பது வயதில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தவர். ஆர்கானிக் பிராக்டிகலில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் விட்டால், மருந்துக் கம்பெனியில் அவருக்கென்று வைத்திருக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நாலு புத்தகங்களை மேஜைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றும் செங்கல் தண்டி.

லேப் ஆசிரியை ஜெபக்கனி மேடம் அவரைவிடப் பத்து வயது இளையவர். லேப்பில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இவரை மட்டும் அண்ணே.

"இதெல்லாம் படிச்சீங்களாண்ணே?"

"கரைச்சுக் குடிச்சிட்டேன் மேடம். சோதனையில எனக்கு வர்ற கலர் மட்டும் ஒண்ணுலயும் இல்லை. அதான், அஞ்சாவதா எதை வாங்கலாம்னு..."

"உங்க அப்சர்வேஷன் நோட்டைக் குடுங்க."

சோதனை செய்யச் செய்ய, கண்ணால் பார்த்ததை அப்போதே எழுதுகிற நோட்டு அது. சேவுகன் பெருமையாக நீட்டினார். கம்பிச் சுருள் போட்ட நோட்டு. ஒரு அடித்தல் கிடையாது, ஒரு கறை கிடையாது. கல்யாணப் பத்திரிகை தோற்றது, போங்கள்!

மேடம் எழுத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தார். சுருளுக்குள் கிழிந்த காகிதத் துணுக்குகள் அடைத்துக் கிடந்தன.

"இது என்னண்ணே?"

"தப்பா வந்த பக்கம் மேடம். கிழிச்சுப் போட்டுட்டேன்."

மேடம் பீரோவைத் திறந்து, நூலில் தைத்த கெட்டி அட்டை நோட்டு ஒன்றை எடுத்தார். உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் தன் கையாலேயே எண் போட்டார். கடைசிப் பக்கம் வருவதற்குள் சேவுகனுக்குக் கால் கடுத்தது.

"இதுல எழுதுங்க. பேனாவால. புத்தகம் அப்புறம் பார்க்கலாம்."

"தப்பா வந்தா?"

"எண் போட்டிருக்கேன்ல?"

அவ்வளவுதான் பேச்சு.

முதலில் அமீன் என்ற கரிமப் பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஐஸில் வைத்துக் கலந்தால் சிவப்புச் சாயம் வரவேண்டும். சேவுகனுக்கு வந்ததோ சாணி நிறம்.

கை பரபரத்தது. கிழிக்கப் போனார். மூலையில் இருந்த எண் அவரையே முறைத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "பழுப்பு. சிவப்பு வரவில்லை. ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது."

மறுபடி செய்தார். மறுபடி பழுப்பு. எழுதும்போதெல்லாம் மானம் போனது.

ஒரு நாள் சிவப்பு வந்தே விட்டது! எப்படி வந்தது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

முன்பக்கங்களைப் புரட்டினார். பழுப்பு வந்த பக்கமெல்லாம் ஐஸ் உருகியிருந்தது. சிவப்பு வந்த பக்கத்தில் மட்டும், "இன்று முதல் ஆளாகப் போனேன். ஐஸ் கட்டியாகவே இருந்தது."

"அடப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். போன வருஷம் கிழித்துப் போட்டதெல்லாம் இதைத்தானே!

தேர்வன்று அவருக்கு வந்து வாய்த்ததும் அமீன்தான். அவர் போவதற்குள் டப்பாவில் ஐஸ் தண்ணீராகக் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் செய்யுங்க."

"ஐஸ் வரட்டும் சார். அதுவரைக்கும் தொட மாட்டேன்."

ஐஸ் வந்தது. சிவப்பும் வந்தது, குங்குமம் மாதிரி.

பாஸ் என்று தெரிந்ததும் சேவுகன் கையில் லட்டு டப்பாவும் அந்த எண் போட்ட நோட்டுமாக மேடத்திடம் ஓடினார். எல்லைக் குளிரில் கலங்காத கண் கலங்கியிருந்தது.

"மேடம், நீங்க நல்லா இருக்கணும். நீங்க இல்லேன்னா நான் இன்னும் கிழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

"லட்டைக் குடுங்க முதல்ல."

கொடுத்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அன்னைக்குக் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லலையே மேடம். எந்தப் புத்தகம்?"

மேடம் லட்டை வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"அந்த நோட்டைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. புது செட்டுப் பிள்ளைங்களும் எந்தப் புத்தகம்னுதான் கேட்டு நிக்குறாங்க."