நாலு படித் தண்ணீர்

ஜமீன் மாளிகைக்குப் பால் ஊற்றும் மூக்காயியின் மாடுகள்மேல் காரியஸ்தர் அனந்தப்பருக்கு வெகுநாளாக ஒரு கண். ஒரு விருந்து நாளில், அவள் ஊற்றிவிட்டுப் போன பன்னிரண்டு படிப் பாலில் தண்ணீர் கலந்திருப்பதாக ஜமீன்தாரிடம் கோள் சொன்னார்.

மூக்காயியை இழுத்து வந்தார்கள்.

"நான் ஒரு சொட்டுகூடக் கலக்கல, எசமான்!"

"வாயை மூடு!" என்றார் அனந்தப்பர். "பாயசத்துக்கு மூணு பங்கு பால், ஒரு பங்கு தண்ணி வேணும். இதில் குறையற பாலை மட்டும் ஊத்திச் சரிபண்ணு. ஒரு உழக்கு பிசகினாலும் உன் மாடுகள் எங்களுக்கு."

மூக்காயி கலங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செய்யறேன் சாமி. ஆனா இதுல தண்ணி எவ்வளவுன்னு தெரியாம கணக்கு எப்படி ஓடும்?"

"இதுகூடத் தெரியாதா? நாலு படி!"

"அப்போ பால் எட்டு. நாலு படித் தண்ணிக்குப் பன்னிரண்டு படிப் பால் வேணும். இன்னும் நாலு படி ஊத்தினா சரி" என்றவள், ஜமீன்தார் பக்கம் திரும்பினாள். "எசமான், பாலுல தண்ணி இருக்குன்னு யார் வேணாலும் சொல்லலாம். நாலு படின்னு, ஊத்தினவரைத் தவிர யாரால சொல்ல முடியும்?"

ஜமீன்தார் உடனே அனந்தப்பர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கே அடுப்பில் நாலு படிப் பால் பொங்கிக்கொண்டிருந்தது.