செம்மண் பூசிய முக்குளிப்பான்

பனி இறங்கிய ஏரி. கோரைப்புல்லுக்கு நடுவே மிதக்கும் கூடு ஒன்று. அதில் குமிழி என்ற முக்குளிப்பான் பறவையும் அவன் மனைவி ஆம்பலும் குடியிருந்தார்கள். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன.

முக்குளிப்பான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டை விட்டு நகரும்போது, தண்ணீரில் முங்கி நீர்ப்பாசி எடுத்து வந்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். மூடிய முட்டை காகத்தின் கண்ணில் படாது.

அந்தப் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கின. அவற்றில் செம்பொன் என்ற ஒன்று ஆடினால் ஏரியே சொக்கிப்போகும். பனிக்குள்ளே இளஞ்சிவப்பாக இறக்கைகள் விரியும். கீழே தண்ணீரிலும் விரியும். எது பறவை, எது நிழல் என்று தெரியாது. முதல் நாளே குமிழிக்குத் தலைகால் புரியவில்லை.

கரையோரச் செம்மண்ணைக் குழைத்து முதுகிலும் கழுத்திலும் பூசிக்கொண்டான். 'செம்பொன் ரசிகர் மன்றம்' தொடங்கினான். தலைவரும் அவன்தான், செயலாளரும் அவன்தான், ஒரே உறுப்பினரும் அவன்தான்! குட்டைக் காலோடு, செம்பொன்னைப் போல ஒற்றைக்காலில் நின்று பார்த்தான். பொத்தென்று விழுந்தான். "உன் செம்பொன்னுக்குக் கொஞ்சம் கூனல்!" என்று சொன்ன கொக்கோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

முங்கினால் செம்மண் கரைந்துவிடுமே! அதனால் முங்குவதையும் விட்டான். அவனுக்கும் சேர்த்து ஆம்பல்தான் மீன் பிடித்தாள்.

"ஆட்டத்தை ரசிங்க, வேண்டாங்கல. அதுக்காக முங்காம இருந்தா நீங்க என்ன முக்குளிப்பான்?" என்று அவள் கேட்டாள்.

"நான் முக்குளிப்பானே இல்ல! செம்பொன் ரசிகன்!" என்றான் குமிழி, நெஞ்சை நிமிர்த்தி.

ஒரு காலை, ஆம்பல் மீனுக்குப் போயிருந்தாள். குமிழி அடைகாத்துக்கொண்டிருந்தான். தூரத்தில் பூநாரைகளின் குரல் எழுந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது!

முட்டைகளைப் பார்த்தான். பாசிக்கு முங்க வேண்டும். முங்கினால் அலங்காரம் போய்விடும்.

"ஒரே ஆட்டம்தானே! பார்த்துட்டு ஓடி வந்துடறேன்" என்று முட்டைகளிடம் சொல்லிவிட்டு நீந்திப் போனான்.

செம்பொன் சுழன்றது. பனி மெல்லச் சிவந்தது. குமிழி கனவிலே மிதந்தான். அப்போது பின்னால் காகத்தின் குரல் கேட்டது. திரும்பினான். கூட்டின் விளிம்பில் காகம் நின்றது!

தண்ணீருக்கு மேலே போனால் கோரையைச் சுற்ற வேண்டும். முங்கினால் நேர்வழி. முங்குவதா? ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணத்தில் காகம் ஒரு முட்டையைக் கவ்வியது.

முங்கினான்! எங்கும் பச்சை வெளிச்சம். எத்தனை நாளாயிற்று இதைப் பார்த்து! முதுகுச் செம்மண் புகைபோலப் பிரிந்து போனது. கூட்டருகே எழும்பிக் காகத்தின் காலில் ஒரே கொத்து! கவ்விய முட்டையோடு அது பறந்துவிட்டது. மற்ற இரண்டையும் குமிழி நெஞ்சால் பொத்திக்கொண்டான்.

செம்பொன் வியப்போடு நடந்து வந்தது.

"அடேயப்பா, என்ன முங்கு! யாரப்பா நீ? உன்னை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே!"

தினமும் முதல் வரிசையில் கிடந்தவன் முட்டைகளை இன்னும் இறுகப் பொத்திக்கொண்டான்.

"முக்குளிப்பான்ங்க" என்றான் தாழ்ந்த குரலில்.

"இன்னொரு தடவை முங்கிக் காட்டேன்!"

"முடியாதுங்க. பிள்ளைங்க தனியா இருக்கும்."

ஆம்பல் மீனோடு வந்தாள். கூட்டைப் பார்த்தாள். மீன் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"மூடாம போயிட்டேன், ஆம்பல்" என்று குமிழி விம்மினான்.

அவள் திட்டவில்லை. முங்கிப் போய் ஒரு வாய்ப் பாசி கொண்டுவந்தாள். அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பி அழுதாள்.

நீதி: பிறர் திறமையை ரசிப்பது இன்பம்தான், ஆனால் அதையே தன் அடையாளமாக்கித் தன்னைத் தொலைப்பவன், தன்னை நம்பியிருப்பவர்களையும் தொலைப்பான்.