குங்குமம் ஒட்டிய இடம்

ஏற்காட்டு மலையடிவாரத்தில் பரிமளாவின் கார் ஒர்க்‌ஷாப். அவளுக்கு வயது முப்பத்துமூன்று. அவளிடம் பிரேக் வேலை பழக வந்திருந்த தங்கமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

தங்கமுத்து லேசுப்பட்ட ஆளில்லை. இருபது வருஷம் டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்த்தவர். சக்கரம் ஆடாமல் ஓட, ரிம்மின் உட்புறம் சின்னச் சின்ன ஈயத்துண்டுகள் ஒட்டுவார்கள் இல்லையா, அந்த வேலையில் சேலத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். பொய்யும் இல்லை.

அன்று ஸ்டெல்லா சிஸ்டரின் கார் வந்திருந்தது. மலைமேல் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். பிரசவ வலி கண்ட பெண்களை இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறக்கிக்கொண்டு வருகிற கார் அது. இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது என்று முன்பக்கம் பெரிய பிரேக் மாட்டச் சொல்லியிருந்தார். மேலே ஒருத்திக்கு நாள் நெருங்கிவிட்டது. ஐந்து மணிக்குக் கார் மலை ஏறியாக வேண்டும்.

தங்கமுத்து தானே மாட்டினார். சக்கரத்தைப் போட்டு, நட்டை இறுக்கிச் சுற்றிவிட்டார். டக்கென்று தட்டியது.

“புது கேலிப்பர் பெருசு மாஸ்டர். ரிம்முல இடிக்குது.”

“நிச்சயமாவா?”

“புதுசா வந்தது அது ஒண்ணுதானே? ஓரத்துல ஒரு நூல் கிரைண்டர் போட்டா தீர்ந்துச்சு.”

கேலிப்பர்தான் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்துகிற இரும்பு. அதைத் தேய்த்து மெலிசாக்கினால் என்றைக்காவது ஒரு வளைவில் விரிசல் விடும். பரிமளாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவள் அதைச் சொல்லவில்லை, இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே கொஞ்சம் கோபம்தான்.

அவள் கேட்டது வேறு.

“ஒரு சுத்துக்கு எத்தனை தடவை தட்டுது அண்ணா?”

“தட்டுதுல்ல மாஸ்டர். எத்தனையா இருந்தா என்ன?”

சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரோடு குந்தினார். பட்டனை அமுக்கினார். ஓடவில்லை.

“நேரம் பார்த்து கரண்டைப் புடுங்கிட்டான்.”

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு உட்காரணும் அண்ணா? சாமி படத்துக்கிட்ட குங்குமம் இருக்கு, எடுத்துட்டு வாங்க.”

பரிமளா குங்குமத்தை எண்ணெயில் குழைத்துக் கேலிப்பரின் வெளிப்பக்கம் முழுக்கப் பூசினாள்.

“சக்கரத்தை மாட்டி, மெதுவா ஒரே ஒரு சுத்து.”

மாட்டினார். சுற்றினார். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு டக்.

“கழட்டிப் பாருங்க.”

கேலிப்பர் பெரிதென்றால் ரிம் முழுக்கச் சிவப்பு வளையம் விழுந்திருக்க வேண்டும். தங்கமுத்து ரிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லா இடமும் சுத்தமாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு. வரிசை பிசகாமல் ஒட்டியிருந்த நாலு ஈயத்துண்டுகளின் மேல்.

அவர் அந்த ஈயத்தை விரலால் தடவினார்.

“இது நான் ஒட்டினது. போன பொங்கலுக்கு.”

“தெரியும். அழகா ஒட்டியிருக்கீங்க.”

“அப்பப் பழைய பிரேக் சின்னது, இடம் இருந்துச்சு மாஸ்டர்.”

“இருந்துச்சு.”

ஈயத்தைச் சுரண்டி எடுத்தார். பக்கத்து டயர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், ரிம்மின் விளிம்பில் வெயிட் மாட்டி மறுபடி பேலன்ஸ் பார்த்தார். திரும்பி வந்து யாரும் சொல்லாமலே குங்குமம் பூசிச் சுற்றினார். அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் பூசிச் சுற்றினார். எங்கேயும் ஒட்டவில்லை. சத்தமும் இல்லை.

நாலே முக்காலுக்கு சிஸ்டர் வந்தார். தெருவில் இரண்டு தரம் ஓட்டி, மிதித்துப் பார்த்தார். “கும்முனு நிக்குது” என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் திருப்பினார்.

கார் முதல் வளைவில் மறைந்த பிறகு தங்கமுத்து கிரைண்டரை எடுத்து வைக்கப் போனார். அப்போதுதான் மேலே சுற்றுகிற ஃபேன் கண்ணில் பட்டது. கிரைண்டரின் பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

பரிமளா சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்னக் கார்பன் கட்டைகளை எடுத்து நீட்டினாள். கிரைண்டருக்குள் இருப்பவை அவை. அவை இல்லாமல் மோட்டார் ஓடாது.

“எப்பக் கழட்டினீங்க?”

“நீங்க சக்கரத்தைக் கழட்டிட்டிருந்தப்ப.”

தங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது.

“வேலைக்குப் புதுசு, எதையாவது கெடுத்துடுவான்னு பயந்துட்டீங்களா மாஸ்டர்?”

“புது ஆளுக்கு எதுக்குண்ணா பயப்படறேன், அவன் என்னைக் கேட்டுட்டுத்தானே கிரைண்டரைத் தொடுவான். இது இருபது வருஷமா தப்பே பண்ணாத கை. அதுக்குத்தான் பயந்தேன்.”