உறை பிரிக்காத படிப்பு

குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கென்று வந்த கணினி அறையை ஒரு வருஷமாகப் பூட்டியே வைத்திருந்தார் கவுன்சிலர் தணிகாசலம். கேட்டால், "உங்க மூஞ்சிக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா?" என்பார். மேலதிகாரி பார்வையிட வந்த அன்று மட்டும் அவசரமாகக் கதவைத் திறந்து, பிள்ளைகளை உட்கார வைத்து, "தினமும் இங்கேதான் படிக்கிறோம்னு சொல்லணும்" என்று மிரட்டினார்.

கணினி கிடைக்காததால் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வழியில்லாமல் வீட்டில் முடங்கிய நிலோஃபரும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

"என்னம்மா படிச்சே?" என்று அவளிடம் கேட்டார் அதிகாரி.

"பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம கம்ப்யூட்டர் கத்துக்கிற வித்தை சார். கவுன்சிலர் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தாரு."

அதிகாரி குனிந்து பார்த்தார். ஒரு கணினியில்கூட உறை பிரிக்கப்படவில்லை. அறைச் சாவியை அவளிடமே கொடுக்கச் சொன்னார்.

தணிகாசலம் நீட்டினார். நிலோஃபர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.